'புதுசு' என்கிற பழைய சரக்கு: நொய்! இசைத்தட்டுகளின் மறுவெளியீடு

1

மறுவெளியீடு என்ற சொல்லை நாம் ரொம்பவும் சாதுவான சொல்லாகப் புழங்கி வருகிறோம். கிடைக்காமல் போனது மறுபடி கிடைக்கிறது, அவ்வளவுதானே என்கிற பாவனை. யாரால் கிடைக்காமல் போயிற்று, யார் சம்மதத்தின் பேரில் திரும்பி வருகிறது, வந்திருப்பது பழையதுதானா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கத் தோதான விஷயமாக, மேற்கு ஜெர்மனியின் ட்யூஸல்டார்ஃப் நகரத்தில் 1971-ல் தொடங்கிய ஒரு ராக் குழுவின் மூன்று இசைத்தட்டுகளை எடுத்துக்கொள்கிறேன்.

குழுவின் பெயர் 'நொய்!'. ஆச்சரியக்குறியும் பெயரில் சேர்த்தி. ஜெர்மனில் 'புதுசு!' என்று அர்த்தம். தமிழில் படித்தால் உடைந்த அரிசி. இந்த இரண்டாவது அர்த்தமும் அவர்களுக்குப் பொருந்துகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்கள் இரண்டே பேர். ட்ரம்ஸ் வாசித்த க்ளௌஸ் டிங்கர், கிதார் வாசித்த மிஹாயேல் ரோட்டர். இரண்டு பேரும் கொஞ்ச காலம் 'க்ராஃப்ட்வெர்க்' குழுவில் இருந்து 1971-ல் வெளியேறியவர்கள். மூன்றாவது ஆள் என்று சொல்லத் தகுந்தவர் ஒலிப்பதிவாளர் கோனி ப்ளாங்க். 'நொய்!' (1972), 'நொய்! 2' (1973), 'நொய்! 75' (1975) ஆகிய மூன்று தட்டுகளும் ஹாம்பர்க்கின் 'ப்ரெய்ன்' நிறுவனத்தில் வெளியாயின. பிறகு குழு கலைந்தது. தட்டுகள் அச்சில் இல்லாமல் போயின. சி.டி. வந்து உலகத்துப் பழைய பாட்டையெல்லாம் மறுபடி விற்றுத் தீர்த்த 1990களில், இந்த மூன்றுக்கு மட்டும் அதிகாரபூர்வமான சி.டி. கிடையாது. 2001-ல்தான் வந்தது.

இவர்களைப் 'ப்ரோக்ரஸிவ் ராக்' கணக்கில் வைப்பார்கள். 'முற்போக்கு ராக்' என்று மொழிபெயர்த்தால் நம் தோழர்கள் ஏமாந்து போவார்கள். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் நடந்தது பெரும்பாலும் வித்துவத்தின் ஊர்வலம். இருபது நிமிஷப் பாட்டு, பத்து தரம் மாறுகிற தாளம், கோயில் ஆர்கன், புராணக் கதை. ரோட்டரும் டிங்கரும் இதற்கு நேரெதிர் திசையில் போனார்கள். மாற்றுவதற்கு நிறைய இருந்தும் எதையும் மாற்றாமல் பத்து நிமிஷம் ஒரே சுருதியில் ஓடுவது என்று முடிவு செய்தார்கள். அமெரிக்க ப்ளூஸும் பிரிட்டிஷ் ராக்கும் கற்றுக்கொடுத்த விரல் பழக்கங்களைக் கழித்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் ரோட்டரின் கேள்வி. அப்பன்மார் வாய் திறக்க மறுத்த ஒரு தேசத்தில் வளர்ந்த தலைமுறை அது. சொந்தப் பாரம்பரியத்தை எடுத்துக்கொள்ள முடியாது, அதில் ரத்தக்கறை. வென்றவர்களின் பாட்டை எடுத்துக்கொண்டால் அது இரவல். எனவே 'புதுசு' என்பது ஒரு பந்தா அல்ல, ஒரு நிர்ப்பந்தம்.

2

ஆனால் அந்தச் சொல்லை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். சோப்புத் தூள் பாக்கெட்டின் மூலையில் சாய்வாக எழுதியிருக்குமே, 'புதுசு!' என்று, அங்கிருந்துதான். ட்யூஸல்டார்ஃப் விளம்பரக் கம்பெனிகளின் ஊர். விளம்பர மொழியில் இதைவிட பலமான சொல் கிடையாது என்பது டிங்கரின் கணிப்பு. முதல் தட்டின் அட்டையில் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் சாய்வாக அந்த ஒரு சொல் மட்டும். படம் இல்லை, முகம் இல்லை. கடையில் சரக்குக்கு நடுவில் இன்னொரு சரக்காக நிற்கும் அட்டை.

உள்ளே முதல் உருப்படி 'ஹாலோகாலோ', பத்து நிமிஷம். அது ஓய்ந்ததும் வருவது 'ஸோண்டர்ஆங்கெபோட்'. தமிழில் 'தள்ளுபடி விற்பனை' என்று சொல்லலாம். அதில் விற்க ஒன்றுமே இல்லை. மெதுவாகக் கிளம்பி உறுமித் தேய்கிற உலோகச் சத்தம், அவ்வளவுதான். கூவிக் கூப்பிட்டுவிட்டு வெறும் கையை விரித்துக் காட்டுகிற காரியம். நுகர்வுப் பண்பாட்டை விமர்சித்து அன்றைக்கு ஆயிரம் பாட்டு எழுதினார்கள். இவர்கள் பண்டத்தின் அட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே பண்டத்தைக் காலி செய்தார்கள்.

'நொய்! 75'-ல் 'ஈ-முஸீக்' என்று ஓர் உருப்படி. ஜெர்மனியில் இசையை இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'ஈ' என்றால் தீவிர இசை, 'ஊ' என்றால் கேளிக்கை இசை. இது ரசனைப் பேச்சு மட்டும் அல்ல. உரிமைத்தொகை வசூலித்துப் பங்கிடும் 'கெமா' அமைப்பின் கணக்கேடு இந்தப் பிரிவினையில்தான் நடந்து வந்தது. தீவிர இசைக்குப் புள்ளி அதிகம். அடோர்னோவைப் படித்தவர்களுக்கு இந்த இடம் சுவாரஸ்யமாக இருக்கும். கேளிக்கை இசையைக் காது மழுங்கிப்போன நுகர்வாகப் பார்த்த அவருடைய வாதத்துக்குப் பின்னால், பணப் பட்டுவாடாவுக்கான ஒரு கோடும் இதே இடத்தில் கிழிக்கப்பட்டிருந்தது. கேளிக்கைப் பக்கத்தில் நின்றுகொண்டு தன் சரக்குக்குத் 'தீவிர இசை' என்று பெயர் வைப்பது, கோட்டைக் காலால் அழிக்கிற வேலை.

3

தாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரர்கள் இதற்கு 'மோட்டாரிக்' என்று பெயர் வைத்தார்கள். எஞ்சின், நெடுஞ்சாலை, ஜெர்மன் ஒழுங்கு எல்லாம் ஒரே சொல்லில் வந்துவிட்டது. டிங்கருக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. 'நீண்ட நேர்கோடு' என்கிற பொருளில் ஒரு பெயர் சொன்னார், பிற்பாடு 'அப்பாச்சே தாளம்' என்றார். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. ஜெர்மானியர்களைப் போர்க்காலத்தில் வசைபாடப் பயன்பட்ட 'க்ரௌட்' என்ற சொல்லை ஒட்டவைத்து இந்த இசைக்கே 'க்ரௌட்ராக்' என்று நாமகரணம் செய்தவை பிரிட்டிஷ் பத்திரிகைகள். ஜெர்மானியன் என்றால் இயந்திரம் என்கிற அதே முன்முடிவுதான் 'மோட்டாரிக்'கிலும் வேலை செய்கிறது. மற்றமையைக் கட்டமைப்பது ஐரோப்பாவுக்குள்ளேயேயும் நடக்கிற விஷயம்தான்.

கேட்டுப் பார்த்தால் இயந்திரம் கேட்கவில்லை. ஒரு ஆள் கேட்கிறார். பத்து நிமிஷம் ஒரே அடியை அடிக்கிறவனின் தோள் வலி கேட்கிறது. ஒவ்வொரு அடியும் மற்ற அடியிலிருந்து ஒரு நூல் விலகித்தான் இருக்கிறது. மேடையில் ஒருத்தன் ட்ரம்ஸில் உருட்டி எடுத்தால் கைதட்டுகிறோம், உருட்டாமல் தாங்கி நிற்கிறவனின் உழைப்பை மட்டும் மோட்டார் கணக்கில் எழுதிவிடுகிறோம். தாளம் போட்டுக் கேட்கிற பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் ஆவர்த்தனம் உண்டு, தீர்மானம் கிட்டத்தட்ட இல்லை. எங்கேயும் முத்தாய்ப்பு வைத்து நிறுத்துவதில்லை. தீர்மானம் போட்டே பழகிய நம் இயக்கக் காதுகளுக்கு இது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இந்த முடிவில்லாத ஓட்டத்துக்கு ஆட்டோபானில்தான் வேர் தேட வேண்டும் என்பதில்லை. ரோட்டர் சிறுவனாக இருந்தபோது, 1960களின் தொடக்கத்தில், சில வருஷம் கராச்சியில் வசித்தவர். அங்கே தெருவில் கேட்ட இசையின் நிற்காத தன்மை தன்னிடம் தங்கிவிட்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டிங்கர் முதல் தட்டில் ஜப்பான் பாஞ்ஜோ என்று ஒரு வாத்தியம் வாசிக்கிறார். அது வேறொன்றுமில்லை, ஜப்பானின் தைஷோகோட்டோ. அதே வாத்தியம் கப்பலேறி நம் பக்கம் வந்து புல்புல்தாராவாக ஆயிற்று. 'சுத்த ஜெர்மன்' என்று சந்தைப்படுத்தப்படும் ஒரு தட்டுக்குள் கராச்சியும் புல்புல்தாராவும் உட்கார்ந்திருக்கின்றன. 'ஜெர்மன் கிளாசிக்' என்று விளம்பரம் செய்கிறபோது காணாமல் போகிற முதல் விஷயம் இந்தக் கலப்புத்தான்.

4

இப்போது 'நொய்! 2'. இதுதான் என் வாதத்தின் மையம்.

முதல் பக்கத்தைப் பதிவு செய்யும்போதே காசும் ஸ்டுடியோ நேரமும் கரைந்துவிட்டன. 'ஃப்யூர் இம்மர்' என்கிற பதினோரு நிமிஷ உருப்படிக்கு அடுக்கு அடுக்காகக் கிதார் ஏற்றி வைத்தார்கள். இரண்டாம் பக்கத்துக்குச் சரக்கு இல்லை. கையில் இருந்தது 1972-ல் வெளியிட்டிருந்த ஒரு சிறிய தட்டு. ஒரு பக்கம் 'ஸூப்பர்', மறுபக்கம் 'நொய்ஷ்னே' (புதுப்பனி). டிங்கர் என்ன செய்தார்? அந்தச் சின்னத் தட்டை ரெக்கார்ட் ப்ளேயரில் போட்டு 78 வேகத்தில் ஓட்டினார், பதிவு செய்தார். 16 வேகத்தில் ஓட்டினார், பதிவு செய்தார். 'நொய்ஷ்னே 78', 'ஸூப்பர் 16', 'ஸூப்பர் 78' என்று வேகத்தையே தலைப்பில் வைத்தார். டேப் மென்று துப்பியது போல ஒலிக்கும் 'கசெட்டோ' என்று ஒரு துணுக்கு. இப்படியே பக்கம் நிரம்பிவிட்டது.

வாங்கினவர்களுக்குக் கோபம். ஏமாற்று வேலை என்றார்கள். ரசிகர்கள் தங்களைக் கேலி செய்வதாக எடுத்துக்கொண்டதைப் பின்னால் ரோட்டரே ஒப்புக்கொண்டார். டிங்கருக்கு இது பாப் ஆர்ட். இன்றைக்கு விமர்சகர்கள் இதை 'ரீமிக்ஸ்' கலையின் முன்னோடி என்று மாலை போடுகிறார்கள். வறுமையை மேதைமையாக மொழிபெயர்ப்பது விமர்சனத்தின் பழைய வியாதி. நான் இதை நொய்க் கஞ்சி என்றுதான் சொல்வேன். அரிசி இல்லாத வீட்டில் குருணையைக் கொதிக்க வைப்பது போன்ற காரியம். அதில் ருசி உண்டு, சாமர்த்தியம் உண்டு. ஆனால் அரிசி ஏன் இல்லை என்ற கேள்வியும் உண்டு.

இந்தப் பக்கம் ஒரு மறுவெளியீடு என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியான தட்டை எடுத்து, வேகத்தை மாற்றி, மறுபடி விற்கிறார்கள். என்ன வித்தியாசம்? செய்ததை மறைக்கவில்லை. தலைப்பிலேயே '78' என்று எழுதியிருக்கிறது. ஊசியின் கரகரப்புக்கூட உள்ளே இருக்கிறது. 1973-ல் இதை வாங்கியவரிடமும் வேகத்தை மாற்றுகிற திருகு ஒன்று ப்ளேயரில் இருந்தது. அவரும் இதே வேலையைச் செய்யலாம், 'ஸூப்பர் 16'ஐ வேகமாக ஓட்டி அசலை நோக்கித் தள்ளிப் பார்க்கலாம். மறுஉற்பத்தி யுகத்தில் கலைப்படைப்பின் ஒளிவட்டம் கழன்றுவிடுகிறது என்று வால்டர் பெஞ்சமின் எழுதினார். இங்கே கழன்றது மட்டுமல்ல, கழற்றுகிற ஸ்க்ரூ டிரைவரையும் கையில் கொடுத்துவிட்டார்கள்.

5

இனி மறுவெளியீட்டு வரலாறு.

முதலில் வந்தவர்கள் திருடர்கள். 1990களில் 'ஜெர்மனோஃபோன்' என்ற பெயர் போட்டு அனுமதியில்லாத சி.டி.கள் ஐரோப்பியக் கடைகளில் கிடைத்தன. ஜூலியன் கோப்பின் 'க்ரௌட்ராக்ஸாம்ப்ளர்' புத்தகம் 1995-ல் வந்து ஆசையைக் கிளப்பிவிட்டிருந்தது. கேட்க வேறு வழியில்லை. எனக்கு முதலில் கிடைத்ததும் அப்படிப்பட்ட ஒரு சி.டி.யின் கேசட் நகல்தான்.

இரண்டாவதாக வந்தவர் டிங்கர். 1985, 86-ல் இருவரும் மறுபடி சேர்ந்து பதிவு செய்து, ஒத்துப்போகாமல் கைவிட்ட டேப்புகளை, ரோட்டரின் சம்மதம் இல்லாமல், ஜப்பானின் 'கேப்டன் ட்ரிப்' நிறுவனம் வழியாக 1995-ல் 'நொய்! 4' என்று வெளியிட்டார். அடுத்த வருஷம் ஒரு பழைய ஒத்திகை டேப்பையும் வெளியிட்டார். இருந்த கசப்பு இரட்டிப்பாயிற்று. பழைய மூன்று தட்டுகளுக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டு கையெழுத்தும் ஒரே தாளில் விழவில்லை.

மூன்றாவதாக 2001-ல், ஜெர்மனியின் மிகப் பிரபலமான பாடகர்களில் ஒருவரான ஹெர்பர்ட் க்ரோனமயர் தன்னுடைய 'க்ரோன்லாண்ட்' நிறுவனத்துக்காக இருவரையும் சம்மதிக்க வைத்தார். மூல டேப்புகளிலிருந்து ரீமாஸ்டர் செய்து மூன்று சி.டி.களும் வந்தன. அமெரிக்காவில் அப்போது ஈ.எம்.ஐ.யின் கிளையாக இருந்த 'ஆஸ்ட்ரல்வெர்க்ஸ்' வெளியிட்டது.

இந்த இடத்தில் நம் தோழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். பதிப்புரிமை என்பதே தனிச்சொத்து, திருட்டு சி.டி.தான் ஜனநாயகம் என்பது ஒரு கட்சி. அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. கலிஃபோர்னியாவில் முதல் தட்டின் ஓர் உருப்படியிலிருந்து 'நெகட்டிவ்லாண்ட்' என்று பெயர் எடுத்துக்கொண்ட குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் தங்கள் வெளியீட்டு நிறுவனத்துக்கு வைத்த பெயர் 'ஸீலாண்ட்'. அதுவும் 'நொய்! 75'-ல் உள்ள தலைப்பு. ஊரார் சத்தங்களை வெட்டி ஒட்டுவது இவர்கள் கலை. 1991-ல் 'யூ2' குழுவின் பாட்டைக் கிண்டல் செய்து ஒட்டியதற்காக 'ஐலண்ட்' நிறுவனம் இவர்கள் மேல் வழக்குப் போட்டு அந்தத் தட்டையே சந்தையிலிருந்து இழுத்துக்கொண்டது. சட்டம் யார் பக்கம் நிற்கும் என்பதற்கு இது போதும்.

ஆனால் ஜெர்மனோஃபோன் சி.டி. கம்யூன் விநியோகம் அல்ல. முழு விலைக்கு விற்றார்கள். வாசித்த இருவருக்கும் ஒரு காசு போகவில்லை. இரண்டாம் பக்கத்தை நிரப்பக் காசில்லாமல் சொந்தத் தட்டையே 78-ல் ஓட்டிய அதே ஆட்களுக்கு. பெரிய நிறுவனத்தின் சொத்தை வெட்டி ஒட்டுகிறவனையும், சின்ன ஆளின் உழைப்பை அப்படியே அச்சடித்து விற்கிறவனையும் ஒரே தராசில் நிறுத்துவது அரசியலாகாது, சோம்பேறித்தனம்.

அதிகாரபூர்வமாக வந்துவிட்டது, நியாயம் கிடைத்துவிட்டது என்கிற மறுகட்சியும் எனக்கு ஒப்பாது. முழு நியாயம் ஒரு புகழ்பெற்ற ஆளின் நல்ல மனசைச் சார்ந்து இருந்தது என்பதை அவர்கள் பேசுவதில்லை. க்ரோனமயர் இல்லாமல் போயிருந்தால்?

6

சத்தத்துக்கு வருவோம். கேசட் நகலில் 'நொய்! 2'-ன் இரண்டாம் பக்கம் கேட்டபோது கரகரப்பு மூன்று அடுக்காக இருந்தது. டிங்கர் ஓட்டின தட்டின் கரகரப்பு, யாரோ நகலெடுக்கப் பயன்படுத்திய எல்.பி.யின் கரகரப்பு, கேசட்டின் இரைச்சல். எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு விதத்தில் அழகாகவே இருந்தது. இடையில் வந்தவர்கள் எல்லோரும் பிரதியில் கை வைத்திருந்தார்கள்.

2001 சி.டி.யில் இரண்டு அடுக்கு கழுவப்பட்டுவிட்டது. நான் எதிர்பார்த்தது, வழுவழு என்று ஒரு மியூசியம் பண்டம். ஆனால் கழுவின பிறகும் ஊசிச் சத்தம் மிச்சமிருந்தது. அது மூல டேப்பிலேயே இருப்பது. அதாவது, சுத்தம் செய்து சுத்தம் செய்து, ஆசிரியர் வேண்டுமென்றே விட்டுவைத்த அழுக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். எந்த அழுக்கு காலத்தினுடையது, எந்த அழுக்கு எழுத்தினுடையது என்று பிரித்துக் காட்டியதுதான் இந்த மறுவெளியீட்டின் பெரிய உபகாரம் என்று நினைக்கிறேன். பழைய பத்திரிகைகளைத் தொகுத்துக் கெட்டி அட்டை போட்டு, எழுத்துப்பிழை திருத்தி, பத்தி பிரித்து வெளியிடுகிற நாமும் இதை யோசிக்கலாம்.

போனதும் உண்டு. சி.டி.யில் வேகத் திருகு இல்லை. 'நொய்! 75'-ல் முதல் பக்கம் ரோட்டரின் ஏக்கம், 'லீப் வோல்' என்று விடைபெற்று அடங்குகிறது. தட்டைத் திருப்பினால் டிங்கர் ட்ரம்ஸைத் தன் தம்பி தாமஸிடமும் ஹான்ஸ் லாம்பேயிடமும் கொடுத்துவிட்டு, கிதாரோடு 'ஹீரோ' என்று கத்திக்கொண்டு வருகிறார். செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் தட்டுக்கு ஒரு வருஷம் முந்தியது இது. இரண்டு பேர் இனிமேல் ஒத்துப்போக மாட்டார்கள் என்பதை அந்தத் தட்டின் இரண்டு பக்கங்களே சொல்லிவிட்டன. எழுந்துபோய்த் திருப்புகிற அந்த அரை நிமிஷம்தான் பிளவு. சி.டி.யில் அது இரண்டு விநாடி மௌனம். இணையத்தில் பாட்டுப் பாட்டாகக் கேட்கிறவருக்கு அதுவும் இல்லை. 'ஹாலோகாலோ'வைத் தனியே உருவி ஓட்டப் பாட்டாக வைத்துக்கொள்கிறார்கள். 'தள்ளுபடி விற்பனை'யின் வெறுங்கை அவர்கள் பார்வைக்கே வருவதில்லை.

7

டிங்கர் 2008 மார்ச்சில் இறந்தார். 2010-ல் எல்.பி.கள் அடங்கிய பெட்டி ஒன்று வந்தது. அதில் 1985, 86 டேப்புகளும் இருந்தன. 'நொய்! 4' என்ற பெயரில் அல்ல, 'நொய்! 86' என்று. டிங்கரின் வாரிசின் சம்மதத்தோடு ரோட்டர் அந்த டேப்புகளை மறுபடி தொகுத்திருந்தார். 1995 வடிவம் க்ரோன்லாண்ட் வரிசையில் இல்லை. 2022-ல் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி, கூடவே இளைய குழுக்கள் செய்த புகழஞ்சலித் தட்டு.

ரோட்டரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒருத்தர் சம்மதமில்லாமல் மற்றவர் போட்டதை, மற்றவர் இல்லாதபோது இவர் திருத்திப் போட்டார். இரண்டு தடவையும் ஒரு கையெழுத்துக் குறைகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் இந்தக் குழு என்ன என்று புரியும். ஒருவர் ஓட விடுகிறார், ஒருவர் உடைக்கிறார். சண்டைதான் அந்த இசை. உயிரோடிருப்பவர் திருத்திய ஒற்றை வடிவம் மட்டும் நிலைத்துவிட்டால், நாளைக்குக் கேட்கிறவருக்குச் சண்டை கேட்காது, 'பாரம்பரியம்' மட்டும் கேட்கும்.

பிற்பாடு வந்த பெட்டி வெளியீட்டில் குழுவின் பெயரைச் சுவரிலும் சட்டையிலும் அடித்துக்கொள்ள ஒரு ஸ்டென்ஸில் அட்டையையும் வைத்திருந்தார்கள். ராத்திரியில் சுவரெழுத்து எழுதப்போன பழக்கமுள்ளவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். விளம்பரத்திலிருந்து திருடிய சொல்லை விளம்பரம் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது, 'புதுசு!' என்று எழுதி ஐம்பது வருஷப் பழசை விற்கிறது.

அதனால் என்ன, வாங்காதீர்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. கேளுங்கள். 'நொய்! 2'-ன் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மறுவெளியீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நேர்மையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எந்தத் தட்டு, எத்தனை வேகம், காசு எப்போது தீர்ந்தது என்று எல்லாமே வெளியில் தெரிகிறது. நம் கைக்கு வருகிற ஒவ்வொரு மறுபதிப்பிடமும், அது பாட்டோ புத்தகமோ, அந்த அளவுக்காவது கணக்குக் கேட்கலாம்.